பதுளை என்ற பெயரும் ஒரு ஐகாரமும்

ஊவா மாகாணத்து ஊர்ப் பெயர்களை ஒரு தாளில் வரிசையா எழுதிப் பாருங்க. பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை, வெலிமடை, லுணுகலை, தெமோதரை, தியத்தலாவை, மொனராகலை. எல்ல, ஹாலிஎல மாதிரி சிலதை விட்டால் பெரிய ஊர்கள் அத்தனையும் ஐகாரத்தில் முடியுது. சிங்களத்தில் அகரத்திலோ எகரத்திலோ முடியும் பெயர்கள் தமிழுக்குள் வரும்போது பெரும்பாலும் இப்படித்தான் ஆகிறது. மாத்தளை, மாத்தறை, இராகலை எல்லாம் அதே கதை. பேசும்போது அந்த ஐயை யாரும் சொல்றதில்லை. "பதுள டவுனுக்குப் போறேன்"னுதான் சொல்றோம். வாயில் இல்லாமல் எழுத்தில் மட்டும் இருக்கிற அந்த ஐகாரம், கணனிக்குள் போனால் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கேட்க அற்ப விஷயம் மாதிரி இருக்கலாம். ஆனால் கலைப் பீடத்தில் ஆய்வேடு எழுதுகிற யாரிடமாவது கேட்டுப் பாருங்க. தமிழில் எழுதின ஆய்வேட்டிலேயே வரைபடம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கும். கீழே வருடம், பக்கத்தில் எண்ணிக்கை, மேலே தலைப்பு, எல்லாம் ஆங்கிலம். கேட்டால், "தமிழ் போட்டா உடையுது" என்பார்கள். உண்மைதான், உடையுது. ஏன் உடையுது என்று பின்னாலேயே போனால் ஈய அச்சு வரைக்கும் போக வேண்டி வருது.

முதலில், எந்த வரைபடம்? மலையகத்தைப் பற்றிப் படிக்கிற எல்லோரும் ஒரு தடவையாவது வரைய வேண்டிய ஒரு கோடு இருக்கு. 1911 குடிசன மதிப்பீட்டிலிருந்து 'இந்தியத் தமிழர்' என்று தனியாக எண்ணத் தொடங்கினார்கள். அந்த வருடம் 530,983 பேர். 1946 இல் 780,589. 1953 இல் 974,098. 1971 இல் கிட்டத்தட்ட 11 இலட்சத்து 75 ஆயிரம். பிறகு 1981: 818,656. பத்து வருடத்தில் கோடு அப்படியே மலையிலிருந்து பள்ளத்துக்கு விழும். 2012 இல் 839,504. நாட்டின் சனத்தொகையில் பங்காகப் பார்த்தால் இன்னும் செங்குத்து: 1953 இல் 12 வீதம், 1981 இல் 5.5, 2012 இல் 4.1.

இது கொள்ளை நோயால் விழுந்த கோடு இல்லை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களானவர்களை, 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கணக்குப் போட்டுப் பிரித்தது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்ச 150,000 பேர் பிறகு பார்ப்போம். அந்த மிச்சத்தையும் 1974 இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்று சொன்னார்கள். கோட்டின் சரிவில் ஒரு பகுதி அந்த ரயிலில் போனது. இன்னொரு பகுதி எங்கேயும் போகவில்லை. லயத்திலேயே இருந்துகொண்டு, படிவத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்துகொண்டது. ஆகவே இந்தக் கோட்டில் ஒவ்வொரு புள்ளியிலும் என்ன பெயர் எழுதுகிறோம் என்பதே ஒரு வாதம். அப்படிப்பட்ட வரைபடத்தை அந்த மக்களின் மொழியில் பெயரிட முடியவில்லை என்றால், அதை ஒரு தொழில்நுட்பச் சில்லறை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை.

சரி, உடைவதைப் பார்ப்போம். இப்போ அதிகம் பேர் வரைபடத்துக்குப் பயன்படுத்துவது பைதன் மொழியின் மெட்பிளொட்லிப் நூலகத்தை. அதில் 'பதுளை' என்று தலைப்புக் கொடுத்தால் முதலில் வருவது வெறும் கட்டங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: எழுத்து வடிவம் 2986 இந்த எழுத்துருவில் இல்லை. 2986 என்பது யுனிகோட்டில் 'ப'வின் எண். நூலகத்தோடு சேர்ந்து வருகிற டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழே இல்லை, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒன்றை இறக்கிப் போட்டால் தீரும். (போட்ட பிறகும் கட்டம் வந்தால் பயப்பட வேண்டாம். நூலகம் எழுத்துருப் பட்டியலை ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொண்டு பழைய பட்டியலையே பார்க்கும். அந்தக் கோப்பை அழிக்கணும், அல்லது எழுத்துருவின் பாதையை நேரடியாகக் கொடுக்கணும்.)

உண்மையான பிரச்சினை அதுக்குப் பிறகுதான். இப்போ எழுத்து வரும், ஆனால் ப, பிறகு த, பக்கத்தில் ஒட்டாமல் ஒரு உகரக் குறி, பிறகு ள, அதன் வலப்பக்கத்தில் அநாதையாக ஒரு ஐகாரக் குறி. இடப்பக்கம் நிற்க வேண்டியது வலப்பக்கம். தெமோதரையைப் போட்டுப் பாருங்க, அதுதான் கடுமையான பரீட்சை. எகரம், ஓகாரம், ஐகாரம் மூன்றும் ஒரே பெயரில். நமக்கு நான்கு எழுத்து. பைதனைக் கேட்டால் ஏழு என்கும்.

ஏழு என்று ஏன் சொல்கிறது? இங்கேதான் வரலாறு.

ஈய அச்சுக் காலத்தில் இந்தக் கேள்வியே இல்லை. அச்சுக் கோர்ப்பவர் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அச்சுக்களை எடுத்து அடுக்குவார். ஐகாரக் குறி முதலில், ற அடுத்து, பசறை முடிந்தது. பதுளைக்கு அந்த வேலையும் இல்லை. ணை, லை, ளை, னை நான்கும் அப்போ வேறு வடிவம். எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி, முழுசா ஒரே அச்சு. 1920களில் கோ. நடேசய்யர் நடத்திய 'தேசபக்தன்' காலத்து அச்சில் பதுளையும் பண்டாரவளையும் லுணுகலையும் தும்பிக்கையோடு இருக்கும், பசறையும் வெலிமடையும் இப்போ மாதிரியே இருக்கும். பெரியார் 1930களில் 'குடி அரசு' இதழில் இந்தத் தும்பிக்கையை வெட்டி எழுதத் தொடங்கினார். 1978 இல் தமிழ்நாட்டு அரசு அதை அரசாணையாக்கியது. அந்த ஆணை இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் புதிய எழுத்துருக்கள் அந்த வடிவத்தில்தான் வந்தன, பதுளையின் தும்பிக்கையும் மெல்லக் காணாமல் போனது. நம்ம தாத்தா பாட்டி கையெழுத்தில் இன்னும் தேடினால் கிடைக்கும்.

தட்டச்சிலும் கண்ணுடைய வரிசைதான். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா, மலாயா - சிங்கப்பூர்ப் பக்கம் இருந்து தமிழ்த் தட்டச்சுப் பலகையை உருவாக்கியவர். ஆங்கிலத்துக்கென்று செய்த பொறிக்குள் 247 எழுத்தை எப்படி அடக்குவது என்பது அவருக்கு இருந்த சிக்கல். துண்டு துண்டாக உடைத்தார். கொம்பு தனி, கால் தனி, ஐகாரக் குறி தனி. புள்ளி போன்ற சிலதுக்குத் தாள் நகராத விசை. தட்டச்சாளர் இடமிருந்து வலமாகத் தெரிகிறபடியே அடிப்பார். ஐகாரத்தை முதலில் அடித்து ளகரத்தைப் பிறகு அடிப்பதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை, கையால் எழுதும்போதும் அப்படித்தானே எழுதுகிறோம்.

அந்தப் பழக்கத்தை அப்படியே கணனிக்குள் கொண்டுவந்தது பாமினி. இலங்கையில் கச்சேரியிலிருந்து கல்யாணக் கார்டு வரைக்கும் இன்னும் அதன் ராச்சியம்தான். பாமினியில் 'பதுளை' என்று அடிக்க ஜி, பெரிய ஜே, ஐ, எஸ் என்று நான்கு விசை. கணனிக்கு அது வெறும் நான்கு ஆங்கில எழுத்து. மேலே தமிழ்ச் சட்டை போட்டிருக்கு. சட்டையைக் கழற்றினால், அதாவது அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால், உள்ளே ஊர்ப் பெயரே கிடையாது. தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது.

யுனிகோட் இதைத் திருப்பிப் போட்டது. 1991 இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது, இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு இஸ்கி தரத்தைப் பின்பற்றி. அந்தத் தரம் ஓசை வரிசையில் போவது. மெய் முதலில், உயிர்க் குறி பிறகு. பார்வைக்கு ஐகாரம் முன்னால் நின்றாலும் சேமிக்கும்போது ள, பிறகு ஐகாரக் குறி. தேடுவதற்கும் வரிசைப்படுத்துவதற்கும் இதுதான் நல்லது. ஆனால் திரையில் காட்டும் நேரத்தில் யாராவது அந்தக் குறியைத் தூக்கி இடப்பக்கம் வைக்கணும், 'து'வை ஒரே வடிவமாகச் சேர்க்கணும். முன்பு அச்சுக் கோர்ப்பவரின் கை செய்த வேலை அது. இப்போ அதை ஒரு மென்பொருள் செய்யுது. பல தொலைபேசிகளில், குரோமில், ஃபயர்ஃபொக்சில் அந்த வேலைக்காரனின் பெயர் ஹார்ஃப்பஸ்.

ஒரு ஒப்பீடு சொன்னால் விளங்கும். தாய்லாந்து எழுத்திலும் சில உயிர்க் குறிகள் மெய்க்கு முன்னால் வரும். ஆனால் தாய் மொழிக்காரர்களின் பழைய தரம் கண்ணுடைய வரிசையில் இருந்ததால், யுனிகோட்டும் தாய் எழுத்துக்கு அதையே ஏற்றுக்கொண்டது. அதனால் குறியைத் தூக்கி மாற்ற ஆள் இல்லாத மென்பொருளில்கூட தாய் எழுத்தின் வரிசை குலையாது. தமிழ் குலையும். இரண்டில் எது சரி என்று அந்தக் காலத்தில் நிறையச் சண்டை பிடித்திருக்கிறார்கள். எனக்கு ஓசை வரிசைதான் சரி என்று படுது. ஆனால் அதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்கணும்.

விலை கொடுக்கும் இடங்களில் ஒன்றுதான் மெட்பிளொட்லிப். அதை ஆரம்பித்த ஜோன் ஹன்டர், சிக்காகோவில் வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராய்ந்தவர். அந்த அலைகளை வரையத் தனக்கென்று எழுதியதை 2003 இல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்டார். 2012 ஓகஸ்ட் 28 இல், 44 வயதில், புற்றுநோய்ச் சிகிச்சையின் சிக்கலால் இறந்துபோனார். ஒரு கையடக்க நூலகம் எல்லா இயங்குதளத்திலும் ஒரே மாதிரிப் படம் தரணும் என்பது அதன் பிடிவாதம். அதற்காக எழுத்து வரைகிற ஃப்ரீடைப் என்ற நிரலைத் தன் பொதிக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்தது. ஃப்ரீடைப் ஒரு எண்ணைக் கொடுத்தால் அதற்கான வடிவத்தை வரைந்து கொடுக்கும். அடுத்த எண், அடுத்த வடிவம். எது முன்னால் எது பின்னால் என்று யோசிப்பது அதன் வேலையே இல்லை. ஆங்கிலத்துக்கு அது போதும். யோசிக்கிற ஹார்ஃப்பஸ் பல வருடங்களாக அந்தப் பொதிக்குள் இடம்பெறவில்லை. எம்பிஎல் கெய்ரோ என்று ஒரு துணைப் பொதி இருக்கு, ரக்ம் என்ற நிரலின் வழியாக அந்த வேலையைச் செய்யும். லினக்ஸில் சுமாரா ஏறும். விண்டோஸில் ஏற்றுவது கொஞ்சம் பாடு.

இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடிப்பார்கள். எல்லோரும் தனித்தனியாகக் கண்டுபிடிப்பார்கள், எல்லோருக்கும் முதலில் சந்தோஷமா இருக்கும். நூலகம் வரிசையை மாற்றாதா? நாமே மாற்றிக் கொடுப்போம். ஐகாரக் குறியை முன்னால் போட்டு ளகரத்தைப் பின்னால் போட்டால் படத்தில் 'ளை' சரியாகத் தெரியும். ஓகாரத்தைக் கொம்பும் காலுமாக உடைத்து நடுவில் மகரத்தை வைத்தால் 'மோ'. 'து'வுக்கு மட்டும் இது உதவாது, உகரம் தனியாகத்தான் நிற்கும். பதுளை பாதிதான் தேறும். தெமோதரையில் உகரம் இல்லாததால் அது முழுசாகத் தப்பிக்கும்! ஆனால் கவனிங்க, இது மறுபடியும் பாமினி. கண்ணுக்குத் தமிழ், உள்ளே வேறு ஏதோ. முப்பது வருடம் பட்ட பாட்டை ஒரு மத்தியானத்தில் திரும்பக் கொண்டுவந்துவிட்டோம். இதை விடப் பெரிய கூத்து, பழைய பாமினி எழுத்துருவையே மெட்பிளொட்லிப்பில் ஏற்றி ஜி, ஜே, ஐ, எஸ் என்று கொடுத்தால் 'பதுளை' அச்சுப் பிசகாமல் வரும். ஒரு எண், ஒரு வடிவம் என்ற கணக்கு இரண்டு பேருக்கும் ஒன்று.

படத்தை எப்படிச் சேமிக்கிறோம் என்பதும் இதே கேள்விதான். திசையன் கோப்பு, அதாவது எவ்வளவு பெருப்பித்தாலும் கலங்காத பீடிஎஃப், எஸ்விஜி வகைகளில், எழுத்தை இரண்டு விதமாக வைக்கலாம்: எழுத்தாக, அல்லது கோடுகளால் ஆன சித்திரமாக. மெட்பிளொட்லிப்பின் பீடிஎஃப் வழக்கமாக எடுத்துக்கொள்வது டைப் 3 என்ற பழைய முறை. அதற்குள் 255 எண் வரைக்கும்தான் எழுத்தாக இடம். 2986 எங்கே, 255 எங்கே. அதனால் தமிழ் எழுத்துக்களை வெறும் சித்திரங்களாக வரைந்து தள்ளிவிடும். அந்தப் பீடிஎஃபில் 'பதுளை' என்று தேடினால் கிடைக்காது. அமைப்பில் 3 என்பதை 42 என்று மாற்றினால் எழுத்துருவையே உள்ளே வைக்கும், தேடலாம். ஆனால் வரிசை குலைந்த தோற்றம் அப்படியே இருக்கும். டைப் 3ஐ ஏற்காத ஆய்விதழ்களும் இருக்கு, அனுப்பும் முன் பார்த்துக்கொள்ளுங்க.

எஸ்விஜியில் ஒரு வழி இருக்கு, நான் இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். 'எஸ்விஜி டொட் ஃபொன்ட்டைப்' என்ற அமைப்பு வழக்கமாக 'பாத்' என்று இருக்கும், அதாவது எழுத்தைக் கோடாக்கு. அதை 'நன்' என்று மாற்றினால் நூலகம் எழுத்தை வரையவே முயலாது. 'பதுளை' என்ற ஐந்து எண்ணையும் ஓசை வரிசையில் அப்படியே கோப்பில் எழுதி, இந்த இடத்தில் இதை வை என்று மட்டும் சொல்லிவிடும். குரோமில் திறக்கும்போது ஹார்ஃப்பஸ் வந்து தன் வேலையைச் செய்யும். பதுளை பதுளையாகவே நிற்கும். அங்கிருந்து அச்சிடும் கட்டளையால் பீடிஎஃப் எடுத்துக்கொள்ளலாம். இங்க்ஸ்கேப்பில் திறந்தும் எடுக்கலாம். இரண்டு கவனம்: திறக்கிற கணனியில் எழுத்துரு இருக்கணும், இல்லாவிட்டால் வேறொன்று வந்து குந்தும். எழுத்தின் அகலத்தை நூலகம் தன் பழைய முறையிலேயே அளந்திருப்பதால் ஓரங்களில் கொஞ்சம் கூடுதலாக இடம் விடணும். லாடெக் தெரிந்தவர்கள் பீஜிஎஃப் வழியாக சீலாடெக்கிடம் கொடுத்தும் சரியான தமிழ் எடுக்கலாம். ஆனால் அதை இறக்க ஜிபி கணக்கில் டேட்டா வேணும். தோட்டத்தில் சிக்னல் கிடைக்கிற மேட்டைத் தேடிப் போய் உட்காருகிறவர்களுக்கு அதைச் சொல்ல எனக்குத் தயக்கமா இருக்கு.

திரும்ப அந்தக் கோட்டுக்கு வருவோம். 1911 முதல் 2012 வரைக்கும் போகிற கோட்டுக்கு என்ன தலைப்பு? மதிப்பீட்டுப் படிவத்தில் இருந்தது 'இந்தியத் தமிழர்'. எண்ணிக்கை அந்தப் பெயரின் கீழ்தான் எடுக்கப்பட்டது, ஆகவே அதை மாற்றினால் தரவைத் திரிப்பதாகும் என்று ஒரு பக்கம். நான்கு தலைமுறை இங்கே பிறந்து வளர்ந்தவர்களை இன்னும் அப்படி எழுதுவதா, 'மலையகத் தமிழர்' என்று எழுது என்று இன்னொரு பக்கம். 1981 புள்ளியில் காணாமல் போன ஒரு பகுதி பெயர் மாறிப் பதிந்தவர்கள் என்பதால் இரண்டு தலைப்புமே முழுசாகப் பொருந்தாது. 2012 இல் பதுளை மாவட்டத்தில் 18 வீதத்துக்குச் சற்று மேல் 'இந்தியத் தமிழர்' என்று பதிவாகியிருக்கு. அதே மாவட்டத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று பதிந்தவர்களில் எத்தனை பேரின் வீடு லயத்தில் இருக்கு என்று அந்த அட்டவணை சொல்லாது.

நான் வரையும்போது படிவத்தின் பெயரைத் தலைப்பில் போட்டு, 1971க்கும் 1981க்கும் நடுவில் சரிவின் மேலேயே சின்னதாக இரண்டு வரி எழுதுகிறேன், எத்தனை காரணம் இருக்கு என்று. கோப்பு எஸ்விஜி, எழுத்து எழுத்தாகவே இருக்கு. நோட்பேடில் திறந்து 'இந்தியத் தமிழர்' என்று தேடினால் அந்தச் சொல் கிடைக்கும். அது பிழை என்று நினைக்கிறவர் அங்கேயே மாற்றி எழுதிச் சேமிக்கலாம்.